கோர்டெலை எடைபோட வந்தவர்

அன்பு மருமகன் கோர்டெலுக்கு,

மிசிசிப்பியின் இந்தக் கோடியிலிருந்து உன் லெமுவேல் மாமா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், என் இடுப்பு மட்டும் தனி நாடு கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறது. அங்கே அரிசோனா வெயிலில் நீயும் உன் இடது முழங்காலும் சுகமா, இருவரைப் பற்றியும் தனித்தனியாகப் பதில் போடு. போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், அப்புறம் நீ காய்கறி சாப்பிட்டாயா என்பதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் நடக்காதது போல் ஆகிவிடும். அதனால்தான் விரைவுத் தபால்.

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை ப்ரூயிட் என்றொருவர் நம் ஊருக்கு வந்தார். வடக்கே பனிக்காட்டில் இருக்கிற ஒரு ஃபுட்பால் அணிக்காரர். கல்லூரிப் பையன்களைப் பெரிய அணிகள் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கி எடுக்கிற டிராஃப்ட் நாளில் எந்தப் பையனை எடுக்கலாம், எவனை விடலாம் என்று சொந்த ஊருக்கே போய்க் குணத்தைத் தோண்டிப் பார்ப்பது அவர் வேலை. உன் ஓட்டத்தையும் உயரத்தையும் அளந்தாகிவிட்டதாம், உள்ளே இருப்பதை அளக்க வேண்டுமாம். அவர்கள் பயம் ஒன்றுதான். கல்லூரியில் நீ ஃபுட்பாலும் ஆடுகிறாய், பேஸ்பாலும் ஆடுகிறாய், பேஸ்பால்காரர்களும் உன்னைக் கூப்பிடுகிறார்கள். முதல் சுற்றிலேயே உன்னை எடுத்து, எதிரணி ஆட்கள் மேலே பாய்ந்து நாலு அடி பலமாக விழுந்ததும் நீ மட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடிவிட்டால் என்ன செய்வது?

அவர் வருகிறார் என்று தெரிந்ததும் உன் மாமா நான் சும்மா இருப்பேனா? ஒரு படையெடுப்பையே நடத்தி முடித்தேன். நம் ஊர்ப் பிள்ளையைப் பற்றி வெளியாள் முன்னால் குறை சொல்வது இங்கே ஆலயத்துக்குள் துப்புவதற்குச் சமம் என்பது உனக்குத் தெரியும், நான் அதற்குமேல் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன், அவ்வளவுதான். ஆலயத்து முற்றத்தில் கெளுத்தி மீன் பொரித்து, ப்ரூயிட்டை நடுவில் உட்காரவைத்தோம். சலூன்காரர் கிளீட்டஸ் ஆரம்பித்தார், “கோர்டெலா? அவன் நாற்காலியில உக்காந்தா என் கத்தரியே மரியாதையா எந்திரிச்சு நிக்கும் சார்.” பாஸ்டர் விட்லோ விடுவாரா, “ஞாயித்துக்கிழமை பாவம் பண்ண அவனுக்கு நேரமில்ல, மத்த நாள்ல பழக்கமில்ல” என்றார். சாப்பாட்டுக்கடை ஒடெஸா, நீ ஒருநாளும் இரண்டாவது தட்டு கேட்டதில்லை என்று சத்தியமே பண்ணினாள், அப்போது வானம் இடிந்து அவள் தலையில் விழாதது கர்த்தரின் கிருபை. நான் என் பங்குக்கு, வெள்ளம் வந்த வருஷம் நீ ஒரு கையால் பந்தையும் மறு கையால் ஆற்றையும் பிடித்து நிறுத்தியதை அடக்கமாகக் குறிப்பிட்டேன்.

மனிதர் ஒரு மீன் துண்டைக்கூட முடிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தார். “பெரியவரே, நான் பல ஊர் பாத்தவன். இவ்வளவு ஒத்துமையா ஒரு பையனப் புகழ்ற ஊர்ல எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம். நான் அப்படித்தான் போய்ச் சொல்லணும்” என்று சொல்லி எழுந்துவிட்டார். என் படையெடுப்பு உன் தலையிலேயே விழப் பார்த்தது, மருமகனே.

அப்போதுதான் உன் அம்மா வாயைத் திறந்தாள். “உக்காருங்க சார், குறை நான் சொல்றேன். அவன் கோவக்காரன்” என்றாள். இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஃபுட்பால் பயிற்சி ஆட்டமும் பேஸ்பால் ஆட்டமும் ஒரே நாளில் வந்தபோது, கோச் ஒன்றைத் தேர்ந்தெடு என்றதற்கு நீ ஹெல்மெட்டை வீசி எறிந்ததையும், அது உடுப்பு துவைக்கிற ஏமஸ் பெரியவரின் காலில் போய் விழுந்ததையும், நீ கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். “நான் அவனப் போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல. தானா எந்திரிச்சுப் போனான். கோச்சைப் பாக்குறதுக்கு முன்னாடி அந்தப் பெரியவரத்தான் பாத்தான். அவருக்குக் கால் சரியாகுற வரைக்கும் எல்லாரோட அழுக்கு ஜெர்சியையும் இவன்தான் துவைச்சான். இத என்கிட்ட அவன் சொல்லல, ஏமஸ்தான் சொன்னாரு.”

ப்ரூயிட் திரும்ப உட்கார்ந்தார். மீனை முடித்தார், இன்னொன்றும் கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசியாக, ரெண்டு பக்கமும் கூப்பிட்டால் பையன் எங்கே போவான் என்று கேட்டார். ஃபுட்பால் என்று முழங்குவதற்காக நான் இந்த மாவட்டத்தின் காற்றை முழுக்க நெஞ்சில் இழுத்தேன். உன் அம்மா என் காலை மிதித்தாள். “அத அவன்கிட்டத்தான் கேக்கணும். அவனுக்குப் பதிலா நாங்க வாக்குக் குடுக்குறதில்ல” என்றாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை அவர் உன்னைத் தேடி அங்கே வருகிறார், அந்த ஒரு கேள்வியோடு. உன் மனதில் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருப்பது இதுதான் முதல் தடவை. ஊரெல்லாம் நான் ஃபுட்பால் ஃபுட்பால் என்று கொட்டடித்ததை நீ சுமக்காதே. பேஸ்பால்தான் என்றால் அவர் முகத்துக்கு நேரே சொல், முதல் சுற்று போனால் போகட்டும், கிளீட்டஸ் சலூனில் உட்கார்ந்து வாயாடினால் அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். ஃபுட்பால் என்றால் மட்டையை அன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிடு, பிறகு மூன்று பேர் சேர்ந்து உன்னை மண்ணில் புதைத்தாலும் அங்கேயே எழுந்து நில். ரெண்டும் பார்க்கலாம் என்று மட்டும் இழுக்காதே. இரண்டு பக்கமும் பார்த்துச் சிரிக்கிற வித்தை உன் மாமாவுக்கு வரும், உனக்கு வராது, உன் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த முகத்தைத்தான் அந்த மனிதர் அவ்வளவு தூரம் வந்து பார்க்கப்போகிறார்.

கர்த்தர் உன் முழங்காலையும் நாக்கையும் காப்பாராக. முழங்காலுக்கு ஐஸ் வைக்க மறக்காதே, அம்மாவுக்காகக் காய்கறியும் சாப்பிடு. பதிலை முதலில் அவருக்குச் சொல், பிறகு உன் அம்மாவுக்கு, கடைசியாக எனக்கு. அதுவரை உன்னைப் பற்றி ஊரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆகவே, தயவுசெய்து, சீக்கிரம் சொல்.

உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த, இப்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிற
லெமுவேல் மாமா