பிடியரிசி

ஞாயிறு இரவு.

மஸ்கட்டிலிருந்து வந்திருக்கும் தங்கை ஸ்டெல்லா மதியம் சொன்னது இன்னும் உறுத்துகிறது. சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது, வழக்கம்போல் சபைக்கென்று ஒரு பிடியைச் சின்னப் பானையில் போட்டேன். அவள் சிரித்தாள்.

"ரட்சிக்கப்பட்டாச்சு, அக்கா. இனி கட்டளைக்கெல்லாம் பயப்படாண்டாம். இது எதுக்கு?"

"அப்ப பாவமும் செய்யலாமா, மக்கா?" என்றேன்.

அம்மா பயந்தா போட்டாள்? கஞ்சிக்கே தட்டுப்பாடான நாளிலும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் போடுவாள். அந்தப் பிடியை யார் போடுவது என்று எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் சண்டை வரும்.

சாயங்காலம் ஸ்டெல்லாதான் சமைத்தாள். அரிசியைக் களையும் முன் அவள் கை தானாக ஒரு பிடி எடுத்துவிட்டது. எடுத்தபிறகுதான் அவளுக்கே தெரிந்தது. திரும்பப் போடவில்லை.

"பானைய இங்க நீட்டு, அக்கா."

நீட்டினேன். போடும்போது அம்மாவின் பாட்டை முணுமுணுத்தாள்.