கம்பளி போர்த்திய சத்தம்

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று மேடையில், மூன்றாவது பாட்டில், என் கிதாரின் ஒலிபெருக்கிப் பெட்டி, என் ஆம்ப், செத்தது. முதலில் கருகல் வாசனை, அப்புறம் ‘டப்’, அப்புறம் ஒன்றுமில்லை. தொட்டி மீன் வாயசைப்பதுபோல நான் கம்பிகளை மீட்டிக்கொண்டு நிற்கிறேன். முன்மேசைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்க்கிறார்.

தம்பி பாடுவதை நிறுத்தவில்லை. கூரை இடிந்து விழுந்தாலும் அவன் சரணத்தை முடித்துவிட்டுத்தான் நகர்வான். டிரம்ஸ்காரனும் நிறுத்தவில்லை. அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். எந்தப் பாட்டையும் யாரோ துரத்துவதுபோல வாசித்து முடிப்பவன். நான் கிதாரை நேராக சவுண்ட் மிக்ஸரில் சொருகி மீதி ஏழு பாட்டையும் ஓட்டினேன். தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட கொசு மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர், இவர்தான் பாவம், வழக்கம்போல இருபத்திரண்டு கிலோவையும் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தார். “உயிரோட இருந்தப்பவும் இதே கனம்தான்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

மெக்கானிக் பின்பலகையைக் கழற்றி மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “டிரான்ஸ்ஃபார்மர் போச்சு. புதுசா சுத்தணும். ரெண்டு மாசம் ஆகும்.”

“ரெண்டு மாசமா?”

“ஒரு ஸ்பேர் ஆம்ப் இல்லாம எப்படிங்க மேடை ஏறுறீங்க? ஸ்டெப்னி இல்லாம வண்டி எடுப்பீங்களா?”

பத்தொன்பது வருடமாக ஒரே ஆம்ப்போடு குடித்தனம் நடத்திவிட்டேன்.

மார்ச் 15 நூலக ஆண்டுவிழா இருக்கிறது. அதற்குப் பிறகு, ஏப்ரல் முதல் சனிக்கிழமை, அந்தப் புதிய காபிக் கடை. அன்று பிடித்துப்போனால் வாராவாரம் நாங்கள்தான் என்று முதலாளி தம்பியிடம் சொல்லியிருக்கிறார். வாராவாரம்! நிச்சயமான ஒரு மேடை எங்களுக்கு இதுவரை வாய்த்ததே இல்லை. ஆக, பழையதாக ஒன்று வாங்கியாக வேண்டும். ஒரு கையால் தூக்குகிற மாதிரி, முப்பது பேர் உட்காரும் அறைக்குப் போதுகிற மாதிரி, சத்தம் மட்டும் நாணயமாக இருந்தால் போதும். பெரிய ஆசையா இது?

பிப்ரவரி 15, சனி

ஒரு கல்யாண போட்டோகிராஃபர் வீட்டுக்குப் போனோம். ஆசைக்கு வாங்கி, விரல் வலித்ததும் மூலையில் போட்டுவிட்டாராம். பார்க்கப் புத்தம் புதிது. சொருகி வாசித்தேன். யாரோ மேலே கம்பளியைப் போர்த்திவிட்டதுபோலச் சத்தம். கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைத் திருகினேன், திருகினேன், ஒரு மாற்றமும் இல்லை.

“குமிழ் செத்துப்போயிருக்கு” என்றேன்.

“இல்லையே மேடம், கேக்குதே” என்றார். விற்கிறவர் வேறென்ன சொல்வார்?

பிப்ரவரி 16, ஞாயிறு

தொலைபேசியில் “கண்டிஷன் சூப்பர்” என்று சொல்பவர்கள் எல்லோரையும் ஒரே அறையில் பூட்டி வைக்க வேண்டும்.

பிப்ரவரி 22, சனி

இன்று சண்டை.

நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் ஒருவர். குளத்தை ஒட்டிய அவருடைய சிறிய அறையில், துண்டுகளுக்கும் மிதவைப் பலகைகளுக்கும் நடுவே ஆம்ப். பன்னிரண்டு கிலோ. பழுப்பு நிறம். கைப்பிடித் தோல் கூட அறுந்திருக்கவில்லை. நானே மனதுக்குள் ‘இதுதான்’ என்று முடிவுசெய்துவிட்டேன். வாசித்தால் மறுபடியும் அதே கம்பளி.

“ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு சார்.”

“சான்ஸே இல்ல.”

“இருபது வருஷமா வாசிக்கிறேன். எனக்குத் தெரியாதா?”

அவர் திருப்புளி எடுத்துவந்து பின்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். கிழிசல் இல்லை. அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். “குளத்துப் பக்கத்துல வச்சா ஈரம் ஏறி ஊறிப்போயிருக்கும்” என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

“மேடம், வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. என்னைத் திருடன் ஆக்காதீங்க.”

வண்டியில் வரும்போது இவர் மெல்ல, “எனக்கு நல்லாத்தான் கேட்டுது” என்றார்.

“உங்களுக்கு என்ன தெரியும்? உங்களுக்கு எல்லா ஆம்ப்பும் பெட்டிதானே!”

இவர் ரேடியோவைப் போட்டார்.

பிப்ரவரி 27, வியாழன்

கடையில் நல்ல கூட்டம். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மாதக் கடைசியில் இத்தனை பேர் எங்கிருந்துதான் வருகிறார்களோ. ஒரு சின்னப் பெண் பூப்போல முணுமுணுத்தாள், எந்த நிற ஃப்ரேம் வேண்டும் என்று மூன்று முறை கேட்கவேண்டி வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்தே பேசுவதில்லை.

மார்ச் 1, சனி

பழைய இசைக்கருவிக் கடை ஒன்றில் வரிசையாக ஐந்து ஆம்ப். ஐந்தும் மந்தம். ஐந்துமா! ஊரில் இருக்கிற நல்ல ஆம்ப்பையெல்லாம் யார் அள்ளிக்கொண்டு போனார்கள்?

கடைப் பையன் நெளிந்துகொண்டே, “மேடம், ட்ரெபிள் பத்துல இருக்கு. கொஞ்சம் குறைக்கட்டுமா, வெளிய போறவங்க திரும்பிப் பாக்குறாங்க” என்றான்.

குறைக்க வேண்டாம் என்று சொல்லி, கிதாரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

வாங்கிவிட்டேன்! வேலை மாற்றலாகிப் போகிற ஒரு நர்ஸிடமிருந்து. கறுப்புப் பெட்டி, வால்வு எதுவும் கிடையாது, முழுக்க டிரான்ஸிஸ்டர். அதனால் ஒன்பதே கிலோ. இதில் ‘பிரைட்’ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அதைப் போட்டு ட்ரெபிளையும் முழுதாக ஏற்றினால்தான் கொஞ்சம் உயிர் வருகிறது. நர்ஸ் கதவோரம் போய் நின்றுகொண்டு, “பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குதுக்கா” என்றாள். நல்ல பெண். அவளே கீழே வரை தூக்கிவந்து கொடுத்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஒத்திகை. அவசரம் இரண்டு காதிலும் காகிதத்தைச் சுருட்டி அடைத்திருந்தான். கேட்டால் சளி என்றான். சளிக்கு மூக்கையல்லவா அடைக்க வேண்டும்?

தம்பி, “அக்கா, கொஞ்சம் இறக்கேன்” என்றான்.

“நீ பாட்டைப் பாரு. கிதாரை நான் பாத்துக்கறேன்.”

மார்ச் 16, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருந்தாலும் உள்ளே கொதிக்கிறது.

நேற்று நூலகம். நாற்பது நாற்காலி. முதல் பாட்டிலேயே முன்வரிசையில் ஒரு தாய் குழந்தையின் காதுகளைப் பொத்தினாள். குழந்தைக்குச் சத்தம் பழக்கமில்லை போல என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டில் முன்வரிசையே காலி. எல்லோரும் பின்னால் போய் அலமாரி ஓரமாக நிற்கிறார்கள். நூலகர் அம்மா எனக்கு ஏதோ கை காட்டினார், நான் சிரித்துத் தலையாட்டினேன். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். என்ன கொழுப்பு எனக்கு.

மூன்றாவது பாட்டு தொடங்கும் முன் தம்பி மைக்கை விட்டு வந்து, என்னைக் கேட்காமல், என் ஆம்ப்பின் குமிழைத் திருகினான். அவன் கையில் ஓங்கி ஒன்று வைத்தேன். நாற்பது பேர் முன்னால். நாற்பது வயது ஆளை. ‘பட்’டென்ற அந்தச் சத்தம் மைக்கில் ஏறி அறை முழுக்கக் கேட்டது. எனக்கே கேட்டது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டான். “அக்கா, ஊசியால குத்துற மாதிரி இருக்கு. யாருமே உன்கிட்ட சொல்ல மாட்டேங்கறாங்க, பயம். நான் சொல்றேன்.”

“மேடையில என் ஆம்ப்பைத் தொட நீ யாருடா? என்னைக் கேட்டியா? நான் இல்லாம உனக்கு ஏதுடா பாட்டு?”

சொல்லிட்டேன். அதையும் சொல்லிட்டேன். அவன் மைக் ஸ்டாண்டை மடக்கி எடுத்துட்டுப் போயிட்டான். வயசு நாப்பத்தாறு ஆகுது, நாக்கு மட்டும் பதினாறுலயே நிக்குது எனக்கு.

மார்ச் 17, திங்கள்

அவன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மார்ச் 19, புதன்

போன வாரம் கடைக்குக் கண்ணாடி வெட்டும் புது மெஷின் வந்திருக்கிறது. ஃப்ரேமின் அளவுக்கு அதுவே தேய்த்துக் கொடுக்கும். “முடிஞ்சதும் அதுவே கூப்பிடும், பக்கத்துல காவல் இருக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்று மதியம் நான் அதன் பக்கத்தில் நின்று பில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைக்கோடியில் கண் சோதனை அறைக்குள்ளிருந்து டாக்டரம்மா தலையை நீட்டி, “அது எவ்வளவு நேரமா கத்துது, யாராவது நிறுத்துங்களேன்!” என்றார்.

“எது டாக்டர்?”

“உங்க முழங்கைகிட்ட!”

திரும்பினேன். மெஷினில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. எரியும்போதெல்லாம் கடையில் இருந்த மூன்று பேரும் முகம் சுளித்தார்கள். எரியும், சுளிப்பார்கள். எரியும், சுளிப்பார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதைக் கொண்டுபோய் மெஷின் மேலேயே வைத்தேன். மோட்டாரின் ரீங்காரம் இருந்தது. கடைக்கு வெளியே லாரி போவது கேட்டது. அந்த விளக்குக்கு மட்டும் சத்தமே இல்லை.

எங்கள் கடைக்கு மாதம் ஒருவராவது வருவார், எழுத்துப் பலகையைப் பார்த்து, “அச்சு சரியில்லைங்க, மங்கலா இருக்கு” என்று எங்களிடமே சண்டைக்கு நிற்பார். அவர் போனதும் நாங்கள் சிரிப்போம். நானும்தான் சிரித்திருக்கிறேன்.

போட்டோகிராஃபர். நீச்சல் மாஸ்டர். ஐந்து ஆம்ப்.

பில்லில் தொகையைத் தப்பாக எழுதியிருக்கிறேன் என்று டாக்டரம்மா திருத்தினார்.

மார்ச் 21, வெள்ளி

காது பரிசோதனை. பஞ்சு ஒட்டிய சிறிய அறை, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் பரீட்சைக்குப் படித்துவந்தவள்போல டக்டக்கென்று அழுத்தினேன். பிறகு வெகுநேரம் அமைதி. மெஷின் கெட்டுவிட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பரிசோதிக்கும் பெண் தன் பக்கத்துக் குமிழ்களைத் திருகிக்கொண்டேதான் இருந்தாள்.

வரைபடத்தைக் காட்டினாள். கனத்த சத்தங்கள் வரை சமதரை, கீச்சுச் சத்தங்கள் தொடங்கும் இடத்தில் கிணறு. இடது காது இன்னும் மோசம்.

“டிரம்ஸ் எந்தப் பக்கம் நிக்கும்?”

“இடது பக்கம்.”

“எத்தனை வருஷமா?”

சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

“போனது திரும்பி வராது மேடம். இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். வாசிக்கும்போது காதுக்கு அடைப்பான் கண்டிப்பா போடணும். பேச்சு கேக்கறதுக்குக் காதுல மெஷின் வச்சுப் பாக்கலாம்.”

“நான் வாசிக்கலாமா?”

“தாராளமா. ஆனா சத்தத்தை எவ்வளவு வைக்கணும்னு உங்க காதை மட்டும் கேட்டு முடிவு பண்ணாதீங்க.”

வேறு யார் காதைக் கேட்பது? வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதையேதான் திரும்பத் திரும்ப நினைத்தேன். ரொம்ப நேரம் கோபம்தான் வந்தது. அவசரத்தின் மேல், அவன் அடிக்கும் சிம்பல் தட்டுகள் மேல், குட்டிக் குட்டி மேடைகள் மேல். அழுகை வீட்டுக்கு வந்தபிறகு. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, “உன்கிட்ட எதையும் ரெண்டு தடவை சொல்லிப் பழகிட்டேன். எப்ப இருந்துன்னு எனக்கே தெரியல” என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

தம்பி வீட்டுக்கு நானே போனேன். வரைபடத்தை மேஜைமேல் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

“என் மேல உனக்கு ஏதோ கோபம்னு நினைச்சேன்கா. ரெண்டு வருஷமா பழைய ஆம்ப்லயும் ஏத்திக்கிட்டேதான் வந்தே. என் குரலை அமுக்கறேன்னு நினைச்சேன்.”

“அதை ஏன்டா சொல்லல?”

“சொன்னா அடிப்பியே.”

கையைப் பிடித்துப் பார்த்தேன். “வலிச்சுதா?”

“மைக்ல நல்லா கேட்டுது.”

இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். அப்புறம் அவன் மட்டும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தான். எவ்வளவு இறக்கினாலும் அது குத்துகிறது என்றான், கறுப்பு ஆம்ப்பை விற்றுவிடுவது என்று பேசிக்கொண்டோம். காபிக் கடைக்கு இன்னும் பதின்மூன்று நாள்.

மார்ச் 25, செவ்வாய்

அவசரம் வந்தான். சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாமல் அரைமணி நேரம் காலாட்டிக்கொண்டிருந்தான். கடைசியில், “அக்கா, நான் வேணா குச்சிக்குப் பதிலா பிரஷ் வச்சு அடிக்கறேன். மெதுவா” என்றான். இவன் வாயிலிருந்து ‘மெதுவா’ என்ற சொல் வந்த நாள் இது.

மார்ச் 29, சனி

நீச்சல் மாஸ்டர் இன்னும் அதை விற்கவில்லை. ஃபோனில் குரலை அடையாளம் தெரிந்துகொண்டு, “அதுதான் ஊறிப்போச்சே மேடம்” என்றார். வகுப்பு முடியட்டும் என்று குளத்தோரம் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். செய்ததற்கு அதுவாவது வேண்டாமா.

“சார், அன்னைக்கு உங்க ஆம்ப்ல குறை இல்ல. என் காதுலதான். டெஸ்ட் பண்ணிட்டேன். உங்களை அப்படிப் பேசினது தப்பு.”

கழுத்துத் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “எனக்கும் ஒரு காதுல தண்ணி போய்ப் போய் பாதிதான் கேக்கும்” என்றார். “சரி, வாசிங்க.”

நான் வாசித்தேன். கூட வந்திருந்த தம்பி குமிழ்களைத் திருப்பினான். எனக்கு எல்லாமே ஒன்றுபோலத்தான் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். ஓர் இடத்தில் அவன் புருவம் இறங்கி, தோள் இறங்கி, தன்னையறியாமல் பல்லவியை முணுமுணுக்க ஆரம்பித்தான். ட்ரெபிள் குமிழ் நான்கில் இருந்தது. நான்கு! அறை வாசலில் ஈரத் தலையோடு இரண்டு பெண் குழந்தைகள் வந்து நின்றார்கள். காதைப் பொத்தவில்லை.

வாங்கிவிட்டோம். மாஸ்டரே வண்டி வரை தூக்கிவந்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று காபிக் கடை. இருபத்தைந்து பேர் இருக்கும். டிரம்ஸ் எனக்கு வலது பக்கம், தள்ளி. காதில் அடைப்பான். தம்பி போய்க் கடைசி மேஜையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து ஆம்ப்பைச் சரிசெய்தான், குமிழ் நின்ற இடத்தில் என் நகப்பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தான்.

எனக்கு மந்தமாகத்தான் கேட்டது. முதல் பாட்டு முழுக்க எரிச்சல். என் விரலில் இருந்து கிளம்புகிற ஒன்று எனக்கு மட்டும் முழுசாக வந்து சேரவில்லை, அங்கே உட்கார்ந்திருக்கிற யார் யாருக்கோ சேர்கிறது — இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? தெரியவில்லை. இன்று காலையும் தெரியவில்லை.

இரண்டாவது பாட்டின் நடுவில் கை தானாக ட்ரெபிள் பக்கம் போனது. தம்பி பார்த்தான். பாடிக்கொண்டே இருந்தான். ஜன்னலோரப் பெண் ஒருத்தி நாற்காலியை எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

கையை எடுத்துக் கம்பிமேல் வைத்தேன்.