கப்பலேறிய பொலிரோ

மே 5, 2025

இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். என் பொலிரோவைக் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி, அங்கே நானே ஓட்டிச் சுற்றப்போகிறேன் என்று சொன்ன நாள் முதல் இந்த ஊர் எனக்கு இலவச ஆலோசனை வழங்கிக்கொண்டிருக்கிறது. கல்லூரியில் எனக்குப் பின்னால் சேர்ந்து எனக்கு முன்னால் துறைத் தலைவரான சகாதேவன், இன்று எல்லோரும் கேட்கும்படி, "ஏன் சார், அங்க காரு வாடகைக்குக் கெடைக்காதா?" என்றார். கிடைக்கும். துறைத் தலைவராவதற்கு இவ்வளவு அறிவு போதும் போலிருக்கிறது.

பெர்த்தில் என் மகள் ஆர்த்தி இருக்கிறாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் புவியியல் வாத்தியார். கப்பல் பெர்த் பக்கத்துத் துறைமுகத்தில் நிற்கிறது என்றால் அதற்குப் புவியியல்தான் பொறுப்பு. அவளே பார்த்து முடித்துக்கொண்ட கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என் மனைவி ரேணுகாம்பாளையும் போகவிடவில்லை. மூன்று வருடம் ஆகிறது. இப்போது போய்ப் பெட்டியும் கையுமாக விமான நிலையத்தில் நின்று, மாப்பிள்ளை வந்து அழைத்துப் போகட்டும் என்று காத்திருப்பதா? சொந்த வண்டி இருந்தால், பிடிக்காத ஒரு சொல் காதில் விழுந்த உடனே கிளம்பிவிடலாம்.

ரேணுகாவுக்கு முட்டிவலி. அவள் வரவில்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

மே 21

வண்டிக்கும் பாஸ்போர்ட் வேண்டுமாம். கார்னே என்று பெயர். அங்கே போய் வண்டியை விற்றுவிட மாட்டேன் என்று வங்கி ஜாமீன் நிற்க வேண்டும். இந்தக் கிழட்டு பொலிரோவை அங்கே எவன் வாங்குவான்? கேட்டேன். "ரூல்ஸ் சார்" என்றார், சென்னையில் கப்பல் வேலை பார்க்கும் ஏஜென்ட் மூர்த்தி. எதைக் கேட்டாலும் அவருக்கு அந்த ஒரு பதில்தான்.

ஜூன் 10

ஆஸ்திரேலியாக்காரனுக்கு நம் மண் ஆகாது. சேறு, விதை, இலை, ஒரு தானியம் – எது ஒட்டியிருந்தாலும் வண்டியை உள்ளே விடமாட்டானாம். செங்கம் ரோட்டில் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் ரபீக்கிடம் மறுபடியும் விட்டேன். வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பாகத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்தார்.

"கம்பெனிலர்ந்து வரும்போதுகூட இத்தினி சுத்தமா இருந்திருக்காது சார். கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிடுச்சி."

உவமைக்கு வேறு எதுவுமே கிடைக்கவில்லையா இவருக்கு?

பௌர்ணமிக் கூட்டம். வீட்டுக்கு வண்டி திரும்ப வழியில்லை. லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றி நடந்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. நான் ஒருவன் கடல் தாண்டுவதுதான் ஊருக்குக் கேலி.

ஜூன் 14

சென்னையில் வண்டியை ஒப்படைத்தாயிற்று. கிளம்பும்போது ரேணுகா சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். பெரிய சண்டை. பிடுங்கி, சாறு பிழிந்து குடித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன். இந்த வீட்டில் அபூர்வமாக ஒரு வெற்றி.

ஜூலை 3

கப்பல் நாளைக்குக் கிளம்புமாம். போன வாரமும் நாளைக்குத்தான் கிளம்புவதாக இருந்தது.

ஆகஸ்ட் 6

கப்பல் போய்ச் சேர்ந்து, அங்கே வண்டியைச் சோதித்தபோது எடுத்த படம் ஒன்றை மூர்த்தி அனுப்பியிருக்கிறார். கையுறை போட்ட உள்ளங்கை. அதில் அவிழ்த்த துணி முடிச்சு. மஞ்சள் தடவிய அரிசி. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்ததாம்.

மூர்த்தி முதன்முறையாக நீளமாகப் பேசினார். "நம்மூரு அரிசின்னா அவங்களுக்கு பாம் மாதிரி சார். வண்டு வந்துடும்னு பயம். வண்டிய அடைச்சு மருந்துப் புகை போடணும், எப்ப உடுவாங்கன்னு சொல்லமாட்டாங்க. இல்லன்னா திருப்பி அனுப்பிடலாம். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

நான் வைக்கவில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

ஆகஸ்ட் 7

கத்தினேன். கத்தாமல்? ரேணுகா தோசை சுடுவதை நிறுத்தவே இல்லை.

"ஆமா, நான்தான் கட்னேன். கல்யாணத்துல அட்சதை போட உட்டீங்களா என்னை? பெத்தவ கையால அவ தலையில ஒரு அரிசி உழல. அங்க போயி நீங்க போடப்போறீங்களா? வண்டியோடயாவது போய்ச் சேரட்டும்னு கட்னேன்."

"சட்டம்னு ஒண்ணு இருக்குடி!"

"உங்ககிட்ட எதுக்குதான் சட்டம் இல்ல?" தோசையைத் திருப்பிப் போட்டாள். "எனக்கு விசா வந்துடுச்சி. இருபத்தேழாந்தேதிக்கு டிக்கெட்டும் போட்டாச்சி, ஆர்த்திதான் போட்டா. நீங்க வரீங்களானு நான் கேக்கல."

ஆக, மூன்று வருடமாக அம்மாவும் மகளும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நான் ஒருவன்தான் பேசாமல் இருந்திருக்கிறேன். அதை யாராவது கவனித்தார்களா என்றுகூடத் தெரியவில்லை.

தோசை நன்றாக இருந்தது. அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 8

வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். பயணம் முடிந்தது.

ஆகஸ்ட் 11

விமல்ராஜிடமிருந்து குரல் பதிவு. மாப்பிள்ளை எனக்கு அனுப்பும் முதல் செய்தி. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"மாமா, அரிசியப் புடிச்சிட்டாங்களாமே. உடுங்க மாமா, இங்க கடையிலயே அரிசி கெடைக்குது, மஞ்சத்தூளும் கெடைக்குது. நீங்க கைய மட்டும் எடுத்துக்கினு வாங்க. ஏர்போர்ட்டுக்கு நான் வந்துடறேன்."

பின்னால் இருந்து, "டேய், ஜாஸ்தி பேசாத, வைடா" என்று ஆர்த்தி.

மறுபடி போட்டுக் கேட்டேன். கிண்டல் செய்கிறானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான். உறுதியாகாததால் இன்னொரு முறையும்.

ஆகஸ்ட் 17

டிக்கெட் எடுத்தாயிற்று. ரேணுகாவுக்குப் பக்கத்து சீட் இல்லை. மூன்று வரிசை பின்னால் எனக்கு. திரும்பும் தேதி கேட்டார்கள். பிறகு சொல்கிறேன் என்றேன்.

வண்டியில் தூரதேசம் போகிறவர்களுக்கென்று முகநூலில் ஒரு குழு இருக்கிறது. இந்தப் பக்கங்களை அப்படியே அதில் போடப்போகிறேன். என்னைப் போல இன்னும் எத்தனை பேர் வண்டியைக் கப்பலேற்றக் காத்திருக்கிறார்களோ. மண்ணைக் கழுவுங்கள். சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மற்றவர்கள் பெயரையெல்லாம் மாற்றிவிடுகிறேன். சகாதேவன் பெயரை மாற்றத்தான் மனம் வரவில்லை, அதையும் மாற்றுகிறேன். கீழே என் பெயர் இருக்காது. வண்டி திரும்பி வருவது ஊருக்குத் தெரிந்தால் தெரியட்டும், சிரித்துவிட்டுப் போகட்டும். வண்டி இல்லாமலும் நான் கிளம்புகிறேன் என்பது தெரியக் கூடாது.