காலண்டருக்குப் பின்னால்

நெய்வேலி நகரியம்,
பிளாக் 18.

அன்புள்ள அன்புக்கரசி டீச்சருக்கு,

சந்திரா எழுதுவது. நாசரேத்தில் தங்கை வீட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் நீங்கள் போன் செய்தபோது பேசாமலே வைத்துவிட்டேன். கோபமில்லை. உங்கள் குரலைக் கேட்டதும் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

வெங்கடேஷ் போய் நாலு மாதம் ஆகிறது. ஐப்பசி மழையில் வடலூர் ரோட்டில் வண்டி சறுக்கி விழுந்தவன், எழவே இல்லை. அவன் அப்பா மைன்ஸுக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார், படுக்கிறார். உப்பு போதுமா என்று கேட்டால் தலையை ஆட்டுகிறார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. பிளாக்கில் எல்லோருக்கும் நான் வெங்கடேஷ் அம்மாதான். கீரைக்காரம்மாகூட அப்படித்தான் கூப்பிடும். இப்போது அந்தப் பெயரைச் சொல்லப் பயந்துகொண்டு எல்லோரும் அக்கா என்கிறார்கள். பிள்ளையோடு என் பெயரும் போய்விட்டது டீச்சர்.

நீங்கள் ரிட்டயராகிக் காலி செய்த குவார்ட்டர்ஸ்தானே எங்களுக்கு அலாட் ஆனது. வந்த அன்றே அவர், ஹாலில் உங்கள் சிலுவை இருந்த ஆணியில் தினசரி காலண்டரை மாட்டினார். தாள் கிழிப்பது வெங்கடேஷ் வேலை. கிழித்து, என் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று சத்தமாகப் படித்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவான். அவன் கிழித்த கடைசி நாளோடு காலண்டர் நின்றுவிட்டது. மேலே கிழிக்க எனக்குக் கை வரவில்லை. அந்தத் தேதியைப் பார்க்கவும் முடியவில்லை. பொங்கல் கழிந்து ஒருநாள் அப்படியே கழற்றிப் பீரோவுக்குள் வைத்தேன்.

பின்னால் உங்கள் சிலுவை. மரம் இல்லை, நிறம் மட்டும். உங்கள் மகள் ஜெபா காய்ச்சலில் இறந்த வருடம் பெயிண்ட் அடிக்க வந்தவர்களிடம், சிலுவையைக் கழற்றமாட்டேன், சுற்றி அடித்துக்கொள்ளுங்கள் என்றீர்களே. அந்தப் பழைய நீலம், மஞ்சள் சுவரில் சிலுவையாகவே நிற்கிறது.

அப்போது பக்கத்து வீட்டில் இருந்த நான், தினமும் அங்கே நின்று என்னதான் கேட்கிறீர்கள் என்று கேட்டேன். "கேக்கதுக்கு ஒண்ணுமில்ல சந்திரா. அடிபட்டவர் முன்னால அடிபட்டவ நிக்கேன், அவ்வளவுதான்" என்றீர்கள். அன்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் பூஜை அலமாரியில் எல்லோரும் பட்டும் பூவுமாகச் சிரிக்கிறார்கள். அழுது வீங்கிய முகத்தோடு போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. அவர்கள்மேல் குறையில்லை, விளக்கு ஏற்றுகிறேன். ஆனால் ஏற்றிவிட்டு அந்த நீலத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது. நீங்கள் ஸ்தோத்திரம் என்று தொடங்குவீர்கள், அதற்கு மேல் எனக்குத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருப்பேன். அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவேன். குலசாமியைத் தவிர வேறு வாசல் மிதிக்காத மனிதர். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துவிட்டால்?

முந்தாநாள் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தது. ஹாலை விட்டுவிடுங்கள் என்று அவர் எதிரில் எப்படிச் சொல்வேன்? சொல்லாவிட்டால் இருக்கிற ஒரு ஆறுதலும் போய்விடும். கண்ணெதிரே அழிவதைப் பார்க்க முடியாமல், பால் வாங்கப் போவதுபோல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். கடை வாசலிலேயே நின்று பொழுதைப் போக்கினேன்.

திரும்பி வந்தால் ஹால் முழுக்கப் புது வெள்ளை. நீலம் மட்டும் அப்படியே இருக்கிறது. கம்மாபுரத்துப் பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "அண்ணன் கூடவே நின்னுகினு, இத மட்டும் வுட்டுட்டு சுத்தி அடிப்பான்னாருக்கா. ஒரு பொட்டு படக்கூடாதுன்னாரு" என்றார்.

அடுக்களையில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. நான் இல்லாத நேரத்தில் அவரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறோம் டீச்சர். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "டீச்சர வரச் சொல்லு" என்றார். நாலு மாதத்தில் அவராகப் பேசியது அதுதான்.

வாருங்கள் டீச்சர். உங்கள் சிலுவையையும் கொண்டுவாருங்கள். போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு சாயங்காலம் அது தன் இடத்தில் இருக்கட்டும். நீங்கள் முன்னால் நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். நாங்கள் இரண்டு பேரும் உங்கள் பின்னால் நிற்கிறோம். வாசலில் நின்று என்னை, பிளாக்கே கூப்பிட்ட அந்தப் பழைய பெயரிலேயே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வெங்கடேஷ் அம்மா