மேலும் கீழும் வாசித்த மதினிக்கு

மதினி,

இப்படி எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். போனவர்களோடு பேசும் வழக்கம் நம் சபையில் இல்லை. கல்லறைக்குப் போனால் பூவை வைத்து, ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும், மண்ணைப் பார்த்துப் பேசக்கூடாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதனால் இதை ஜெபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாயால் சொல்ல வெட்கப்பட்டு எதையும் எழுதிக்காட்டிப் பழகியவள் நான். அந்தப் பழக்கம்தான் இது.

இன்று வேலை முடிந்து பேருந்தில் வரும்போது பக்கத்தில் இருந்த பெண் தைலச் சீசாவைத் திறந்தாள். மலை வளைவுகளில் தலை சுற்றியிருக்கும், நெற்றியில் தேய்த்துக்கொண்டாள். அந்த யூகலிப்டஸ் வாசனையில் எனக்கு உங்கள் வேதாகமம் நினைவுக்கு வந்தது. ஒற்றைத் தலைவலிக்கு நெற்றியில் தேய்த்த அதே விரலால் நீங்கள் பக்கம் புரட்டுவீர்கள். ஒவ்வொரு தாளிலும் அந்த வாசனை ஏறிப்போயிருந்தது. நீங்கள் போனதிலிருந்து நான் அதைத் திறக்கவில்லை. அண்ணன் அதை என் கட்டில் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். அங்கேயே இருக்கிறது.

பெரும்பாறையிலிருந்து நீங்கள் மருமகளாக வந்த முதல் வாரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்போதெல்லாம் நம் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறப்பார். விரல் எந்த வசனத்தில் விழுகிறதோ அதுதான் அடுத்த நாளுக்கான வார்த்தை. அன்று விரல் விழுந்த இடத்தில் தேர்ச் சக்கரங்கள் கழன்று போயின. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. சீசன் நேரம், மறுநாள் சனிக்கிழமை, சுற்றுலாக்காரர்கள் அப்பா ஓட்டும் ஜீப்புக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

"நாளைக்கு நான் வண்டி எடுக்கல" என்றார் அப்பா.

அடுப்படி வாசலில் நின்று நீங்கள்தான் சொன்னீர்கள்: "மாமா, அது எகிப்துக்காரன் தேரு. நம்ம ஜீப்பு இல்ல."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "வீட்டுக்கு வந்து இன்னும் மஞ்சத் தாலிச் சரடு காயல. அதுக்குள்ள வேதத்துக்கு விளக்கமா?"

"விளக்கம் சொல்லல அத்தை. விரல் வச்ச எடத்துக்கு மேல நாலு வரி, கீழ நாலு வரி வாசிச்சுப் பாருங்க. யாருக்கு நடந்ததுன்னு அதுவே சொல்லும்."

அப்பா தாமே வாங்கி வாசித்தார். மறுநாள் வெள்ளனே ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்ததும், "சக்கரம் நாலும் பத்திரமா இருக்குத்தா" என்று உங்களிடம்தான் முதலில் சொன்னார். அம்மா மட்டும் ரொம்ப நாள் உர்ரென்று இருந்தார்.

அதற்குப் பிறகுதான் நாம் இருவரும் விடியற்காலையில் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தோம். நீங்கள் லாட்ஜுக்கு அறை துடைக்கப் போகும் முன், அடுப்பில் வெந்நீர் காயும் நேரத்துக்கு ஓர் அதிகாரம். பெரும்பாறையில் இருந்தபோதே முழுவதும் வாசித்து முடித்தவர் நீங்கள். ஆனாலும் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினீர்கள். "போன தடவ வாசிச்சவ வேற ஆளு புள்ள. அவ கல்யாணம் ஆகாதவ" என்றீர்கள். பழைய தமிழ்ச் சொல் ஏதாவது இடித்தால், "நீ அகராதியப் பாரு, நான் அடுப்பப் பாக்குறேன்" என்பீர்கள். ஒருமுறை கைபேசியில் யோர்தான் நதியின் படத்தைக் காட்டினேன். "ஏ புள்ள, நான் வெள்ளம் வந்த வைகை மாதிரில்ல இத்தன வருசம் நெனச்சிருந்தேன்! இது நம்ம ஓடையாட்டம் கெடக்கு" என்று வாயைப் பொத்திச் சிரித்தீர்கள்.

பக்கம் பக்கமாகப் பெயர்கள் வரும் இடங்களை நான் தாண்டப் பார்ப்பேன். நீங்கள் விடமாட்டீர்கள். "இவுக எல்லாம் யாரோ பெத்த பிள்ளைக தான? பேரையாவது ஒரு தடவ வாயால சொல்லிட்டுப் போவோம்."

அதை நீங்கள் சொன்னது உங்கள் குழந்தை இறந்தே பிறந்த பிறகு. அந்தக் குழந்தைக்கு நாம் பெயர் வைத்திருக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், ஆடுமாடுகளையும் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த யோபுவைச் சொன்னார்கள். இழந்ததையெல்லாம் அவர் திரும்பப் பெற்றார், உனக்கும் கிடைக்கும் என்றார்கள். நீங்கள் காபி கொடுத்து அனுப்பினீர்கள். பிறகு நாம் அந்தப் புத்தகத்துக்கு வந்தபோது, கடைசி அதிகாரத்தில், அவருக்கு ஆடுகளும் வேறு பிள்ளைகளும் கிடைக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"ஆட்டுக்கு ஆடு சரி புள்ள. பிள்ளைக்குப் பிள்ளையா?"

நான் மேலேயும் கீழேயும் வரிகளைத் தேடினேன். நீங்களும் தேடிப் பார்த்துவிட்டு, "தெரியல. தெரியலங்கிறத மடியில வச்சிக்கிட்டே அடுத்தத வாசிப்போம்" என்றீர்கள். மறுநாள் வாசித்தோம். அந்த 'தெரியல'வுக்குக் கடவுள் கோபித்துக்கொள்ளவில்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. கல்லூரியில் பரீட்சைத் தாளில் ஒரு கேள்வியைக்கூட வெறுமையாக விடப் பயந்தவள் நான்.

வயிற்றில் கட்டி என்று மதுரைக்குக் கொண்டுபோனபோது நாம் எரேமியாவின் புத்தகத்தில் இருந்தோம். நான் ஆறுதலான சங்கீதம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். வெளிச்சம் கூசியதால் நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை.

"நேத்து எங்க நிறுத்துனோம்?"

"மதினி, இந்த நேரத்துல அதையா? ஊரே அழியுது அதுல."

"அந்த ஊருச் சனத்த நடுரோட்டுல விட்டுட்டு நாம மட்டும் நல்ல பக்கத்துக்கு ஓடக்கூடாது புள்ள. வாசி."

வாசித்தேன். எரேமியா முடிந்து அடுத்த புத்தகமான புலம்பல் தொடங்கியது. செவிலியர் வந்து சொட்டு மருந்து மாற்றும்போது நிறுத்துவேன், அவர் போனதும் தொடருவேன். மூன்றாம் அதிகாரத்தில் ஒரு மனிதர் இருட்டில் அடைபட்டு முறையிட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்கு வலி கூடியது. "மிச்சத்த நாளைக்கு" என்றீர்கள். மறுநாள் உங்களுக்கு நினைவு இல்லை. அதற்கடுத்த நாள் நீங்களும் இல்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் நல்ல வசனங்களாகச் சொன்னார்கள். எதுவும் என் உள்ளே இறங்கவில்லை. உங்களோடு சேர்த்து என் விசுவாசத்தையும் குழிக்குள் இறக்கிவிட்டார்களோ என்று பயந்தேன். இந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

போன புதன்கிழமை அம்மா வற்புறுத்தியதால் அட்டுவம்பட்டியில் பெண்கள் கூடுகைக்குப் போனேன். வழக்கம்போலக் கதவோரமாக உட்கார்ந்தேன். பள்ளங்கியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பிறந்த சில நாளிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவள். பெரியம்மா ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யோபுக்கு எல்லாம் திரும்பக் கிடைச்சதில்ல? ஒனக்கும் குடுப்பாரு, அழாத" என்றார். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் உங்களிடம் பார்த்திருக்கிறேன்.

வாயால் சொல்ல வெட்கப்படும் நானே பேசிவிட்டேன்.

"செத்துப்போன பிள்ளைக திரும்பி வரலயே பெரியம்மா."

அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ படிச்ச பொண்ணு. அப்ப நீயே சொல்லு, இவளுக்கு என்னத்தச் சொல்ல?"

"தெரியலங்க" என்றேன். "முதல்ல இருந்து வாசிப்போமா?"

அம்மாதான் தன் வேதாகமத்தை என் மடியில் வைத்தார். "வாசி. வெரசா வாசிக்காத, நிதானமா வாசி" என்றார். கண்ணை மூடி விரல் வைத்துத் திறக்கும் அதே அம்மா. யோபு சாம்பலில் உட்காரும் இடமும், நண்பர்கள் வந்து ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்காரும் இடமும் வந்தன. அந்தப் பெண் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பெரியம்மா மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், அவள் பக்கத்தில் தரையில் இறங்கி உட்கார்ந்தார்.

வரும் வாரமும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது உங்கள் பழக்கம் ஒன்றுதான்: மேலே நாலு வரி, கீழே நாலு வரி, தெரியாததை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த வரி. இதன்மேல் ஒரு வாழ்க்கையைக் கட்ட முடியும் என்று நீங்கள் வாழ்ந்து காட்டியிருக்கிறீர்கள். முடியும் என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் என் காலுக்குக் கீழே வேறு தரை இல்லை.

இப்போது, கேட்கத் தயங்கி இதுவரை தள்ளிவைத்ததைக் கேட்டுவிடுகிறேன். நாம் புலம்பலில் நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் அந்த வசனம் வருகிறது. ஆண்டவருடைய இரக்கம் காலைதோறும் புதிதாக இருக்கிறது என்கிற வசனம். அது நம் அடுப்படி நாள்காட்டியில் அச்சடித்துத் தொங்குகிறது. தினமும் கண்ணில் படுகிறது. முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நாம் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை; தாண்டிப் போவது நம் வழக்கமும் இல்லை. மிச்சத்தை நாளைக்கு என்றீர்கள். நீங்கள் இல்லாமல் வாசித்தால் உங்களை அந்த இருட்டிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் போனதுபோல் ஆகிவிடுமோ என்றுதான் இத்தனை நாள் திறக்கவில்லை.

மதினி, மிச்சத்தை நான் வாசித்துக்கொள்ளட்டுமா?