ஆற்றுக்குக் கட்டிய வெள்ளை

இன்று விடிந்ததும் ஜன்னலைத் திறந்தேன், திறந்த கையோடு மூடிவிட்டேன். அந்த நாற்றம் திரும்ப வந்திருக்கிறது. சேறும் செத்த மீனும் வெயிலும் சேர்ந்து தொண்டைக்குள் ஒட்டிக்கொள்ளுமே, அதேதான். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். மணலை மீனும் செப்பலி மீனும் வயிறு வெளுத்துக் கரை நெடுகக் கிடந்தன. கரைச் சேற்றில் நீ நட்டதில் தப்பிப் பிழைத்த கண்ணா மரங்களின் வேர்களுக்குள்ளும் சிக்கிக் கிடந்தன. காகம்கூடக் கிட்டப் போகவில்லை.

உன்னைத்தான் நினைத்தேன். நினைத்ததும் முதலில் கோபம்தான் வந்தது. இந்தக் கண்றாவியை என்னைத் தனியாகப் பார்க்கவிட்டுவிட்டுப் போய்விட்டாயே, நீயெல்லாம் ஒரு சிநேகிதியா?

முன்பு மீன் செத்தபோது வெயிலின் சூடு என்றார்கள். முகத்துவாரத்து மண்ணை வெட்டி நேரத்துக்குக் கடலுக்கு வழி திறக்காததுதான் காரணம் என்றார்கள். இறால் பண்ணைக் கழிவு என்று மெதுவாகச் சொன்னவர்களும் உண்டு. நாற்றம் அடங்கியதும் பேச்சும் அடங்கிப்போனது. நீ மட்டும், கரையில் செத்துக் கிடந்த ஒரு பெரிய கொடுவாவைச் சாக்கில் சுற்றி என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

“இதச் சமைக்கவா? உனக்கென்ன விசராகா?”

“சமைக்க இல்லகா. உன்ட தையல் மெசின எடு.”

சிரட்டைக்கரியை அரைத்து, விளாம்பிசினில் குழைத்து, மீனின் ஒரு பக்கம் முழுக்கத் தடவினாய். உன் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அதன்மேல் போர்த்தினாய். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தடவுகிற மாதிரி உள்ளங்கையால் மெல்ல மெல்ல அழுத்தினாய். துணியை உரித்தெடுத்தபோது செதில் செதிலாக, செட்டையும் வாயும் கண்ணிருந்த குழியுமாக, ஒரு மீன் முழுசாக அதில் கிடந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நீயோ, “ஓரம் அடிச்சுத் தா, நூல் பிரியப்போகுது” என்றாய். வீடெல்லாம் நாற்றம் என்று உன்னைத் திட்டித் திட்டித்தான் தைத்துத் தந்தேன். அன்றைக்குத் தொடங்கி, துணி முடியும்வரை விதவிதமான மீன்களைக் கொண்டுவந்தாய்.

இப்படிப் பார்க்கிற கண் உனக்குக் கடற்கரையில் வந்தது. களுவாஞ்சிக்குடிக் கடலுக்கு உன்னோடு போனால் இலேசில் வீடு திரும்ப முடியாது. அலை இழுத்துக்கொண்டு போனபின் மணலில் தங்கும் கோடுகளைப் பார்த்தபடி நின்றுவிடுவாய். “இஞ்ச பார்கா, எவ்வளவு சோக்காக் கீறிட்டுப் போயிரிக்கு. கீறினத மறுபடி கீறாது” என்பாய். இப்படியொரு கடல் இருக்க, ஏன் இந்தச் சேற்று ஆற்றைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். வாவி என்பதெல்லாம் எழுத்தில்தானே, நமக்கு அது எப்போதும் ஆறு. “கடலுக்கு நாம தேவையில்லகா. ஆத்துக்குத்தான் ஆக்கள் இல்ல” என்றாய்.

பிறகு அந்தத் துணிகளை என் வாசல் படலையிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் கயிற்றில் கட்டினாய். இடையிடையே குருத்தோலை வேறு. நம் பக்கத்தில் வழி நெடுக வெள்ளையும் குருத்தோலையும் தொங்கினால் அது செத்த வீடு. செத்த வீட்டுக்கு யாரும் அழைப்புப் பார்த்து வருவதில்லை, வெள்ளையைக் கண்டால் வந்துவிடுவார்கள். “வேணாம்கா, சனம் பிழையா நினைக்கும்” என்றேன். “நினைக்கட்டும். அதுக்குத்தானே கட்டுற” என்றாய்.

மத்தியானம் வந்த பஸ்ஸை நிறுத்தி இறங்கினாள் மண்டூர்ப் பொன்னம்மா மாமி. எந்தச் சாவையும் தவறவிடாதவள். கொண்டையை அவிழ்த்துவிட்டு, நெஞ்சிலடித்துக்கொண்டு, “ஐயோ என்ட கிளியே” என்று ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். பிடித்த பிறகுதான் நான் உயிரோடு நிற்பது விளங்கி, வீட்டில் யார் குறைகிறார்கள் என்று கண்ணால் தேடினாள். அவள் பின்னாலேயே வந்த பழுகாமத்து ஆள் ஒருவர், பாடைக்குக் கம்பு வெட்டியாச்சா என்று கேட்டார்.

“யார்ர செத்த வீடுகா?” என்றாள் மாமி.

“ஆத்துர செத்த வீடு, மாமி” என்றாய் நீ.

மாமிக்கு வந்ததே கோபம்! “கொழுப்பெடுத்தவளே, வெள்ளையோட விளையாடுறியா?” என்று உன்னை வைதுகொண்டே போனாள். ஆனாலும் வீட்டுக்குப் போய்த் தலை முழுகினாளாம். அதைக் கேள்விப்பட்டு நாம் இரண்டுபேரும் வயிறு நோகச் சிரித்தோம். உன் கழுத்தில் அந்த வீக்கம் அப்போதே இருந்திருக்க வேண்டும். நாம் கவனிக்கவில்லை.

அடுத்த மாரிக்கு நீ இல்லை. கொழும்பு ஆசுபத்திரியில் கைவிரித்து உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். “தானே வெள்ளையக் கட்டி எமனக் கூப்பிட்டவள்” என்று ஊர் சொன்னது. மீன் துணிகளை உன் செத்த வீட்டில் கட்டலாம் என்று நான் தூக்கிக்கொண்டு வந்தேன். உன் அண்ணன் வாசலிலேயே மறித்தார். “அந்தச் சனியன் இந்தப் படலைக்குள்ள வரப்படா.” வெறும் வெள்ளைதான் உனக்குக் கட்டினார்கள். எனக்கு அழுகையே வரவில்லை. பெட்டியை மூடும்போதும் உன் அண்ணனை முறைத்துக்கொண்டுதான் நின்றேன்.

அந்தத் துணிகள் என் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருந்தன. இன்று கரையிலிருந்து வந்து அவற்றை வெளியில் எடுத்தேன். எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். என் மகள் நிறைமாதமாக இருக்கிறாள். உன் அண்ணனுடைய பேச்சை அத்தனை நாள் பழித்தவள்தான் நான், ஆனால் அலுமாரிக் கதவைச் சாத்தினேன்.

“கட்டப் போறீங்களாம்மா?” பின்னால் மகள் நின்றாள்.

“புள்ளத்தாச்சிய வீட்டில வெச்சிட்டு வெள்ள கட்டவா? போய்ப் படு.”

“சின்னம்மா செத்தது கழுத்து வருத்தத்தால. துணியால இல்ல.” மூக்கைப் பொத்தியபடி அலுமாரியைத் திறந்தாள். “இந்த நாத்தத்தத்தானேம்மா என்ட புள்ள முதல் மூச்சா இழுக்கப் போகுது. கட்டுங்க.”

இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கயிற்றின் மறுமுனையை அவளே பிடித்தாள். எனக்குப் பயம் போகவில்லை. பயத்தோடுதான் கட்டினேன்.

மத்தியான பஸ் நின்றது. இறங்கியது பொன்னம்மா மாமி. இப்போது முதுகு வளைந்துவிட்டது, கண்ணும் மங்கல். கொண்டை அவிழவில்லை, ஓட்டமும் இல்லை. துணி துணியாகத் தடவிக்கொண்டு படலைவரை வந்து சேர்ந்தாள்.

“யார்ர செத்த வீடுகா?”

நீ சொன்னதையே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் பெயர் வந்தது.

மாமி மண்ணிலே குந்தி, கொண்டையை அவிழ்த்துவிட்டு, உன் பெயரைச் சொல்லி ஒப்பாரியைத் தொடங்கினாள். நான் அவள் மடியில் விழுந்தேன். உன் பெட்டிக்குப் பக்கத்தில் வராதது எல்லாம் அப்போது வந்தது. மகள் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரோட்டால் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி இறங்கி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் வையவுமில்லை.

போகும்போது மாமி கடைசித் துணியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். “இதில மணலையக் காணல்லயேகா. கரையெல்லாம் அதுதானே செத்துக் கிடக்கு” என்றாள்.

உண்மைதான். நீ மணலை செய்யவில்லை. துணி முடிந்துபோயிருந்தது.

ஓரம் அடிக்க மட்டுமே தெரிந்தவள் நான். இப்போது செத்த மணலை மீன்களைச் சாக்கில் அள்ளிவந்து, என் வெள்ளைச் சேலையைக் கிழித்து வைத்துவிட்டுச் சிரட்டைக்கரி அரைத்துக்கொண்டிருக்கிறேன். பிசின் எவ்வளவு விடுவாய் என்று நினைவில்லை. முதல் துணியில் மீன் வரவில்லை, கறுப்பாக அப்பிய ஒரு திட்டுதான் வந்தது. இரண்டாவதில் வால் மட்டும் வந்திருக்கிறது. சாக்கில் இன்னும் மீன் கிடக்கிறது, கரையில் அதைவிடக் கிடக்கிறது.