நிலாப் பாடமும் அப்பாவின் சந்தேகமும்

இன்னும் டீச்சராகாத என் டீச்சரம்மாவுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பழைய வாயாட்டமும் திரும்பி வந்துவிட்டது, நேற்றிலிருந்து வீட்டில் அமைதி இல்லை.

நீ தயாரித்து அனுப்பிய நிலாப் பாட வீடியோவைப் பார்த்தேன். எல்லாம் வீடியோவிலேயே இருந்தால் வகுப்பில் நீ எதற்கு என்று உனக்குப் பயிற்சி தரும் ஆசிரியை கேட்டுவிட்டார், பேசாமல் பழைய பேங்க் வேலைக்கே போய்விடலாமா என்று எழுதியிருந்தாயே, அந்தக் கேள்வி என் மண்டையையும் குடைகிறது. இங்கே நடந்த கூத்தைச் சொல்கிறேன், நீயே யோசித்துக்கொள்.

கொஞ்ச நாளாக என் போனில் சார்ஜே நிற்கவில்லை, கடையில் கொடுக்கலாம் என்றிருந்தேன். பார்த்தால் உன் அப்பா! குளிக்கப் போகும்போது துண்டுக்குள் போனைச் சுருட்டிக்கொண்டு போகிறார், உள்ளே தண்ணீர் சத்தம் இல்லை, உன் குரல்தான் கேட்கிறது. நீ பேங்க் வேலையை விட்ட நாளிலிருந்து உன்னோடு பேசாத மனுஷன்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரே இடத்தை நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்கிறார். புரியவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று யாரிடமும் கேட்க அவருக்கு வாய் வராது, உனக்குத் தெரியாததா. போனிடம் என்ன வெட்கம்? வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளைகளும் வீட்டில் இப்படித்தான் பார்ப்பார்களோ?

பூமியின் நிழல் விழுந்துதான் நிலா தேய்கிறது என்று இத்தனை காலம் நம்பியிருந்தவர், அது தப்பு என்று நீ சொன்னதை ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு நாள் சாரத்தின் மேல் நின்று சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஒரு பக்கம் சூரியன், இன்னொரு பக்கம் அரை நிலா. இரண்டும் மேலே இருக்கும்போது பூமி நடுவில் எங்கே வந்தது என்று தோன்றியிருக்கிறது. வந்ததும் வராததுமாக, அவ சொல்றது சரிதான் போலிருக்கே என்றார். அதோடு விட்டாரா? முழு நிலா அன்னிக்கு பூமி நடுவுலதானே இருக்கு, அப்போ மாசாமாசம் கிரகணம் வரணுமே, ஏன் வரல என்று பிடித்துக்கொண்டார். டார்ச்சும் எலுமிச்சம்பழமுமாக சாயங்காலம் முழுக்க என் சமையலறையில் ஆராய்ச்சி. வீடியோவை எத்தனை தரம் ஓட்டினாலும் நீ சொன்னதையேதான் சொல்கிறாய். நான் கேக்கறது காதுலயே விழாத மாதிரி பேசிட்டே போறா, அப்படியே அவங்கம்மா என்று என்னையும் சேர்த்துத் திட்டினார். போன்லயே கேட்டா அதுவே பதில் சொல்லும்ப்பா என்றான் தம்பி. வேணாம், பாடம் எடுத்தவளே சொல்லட்டும் என்றுவிட்டு, கொஞ்ச நேரம் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், அவ நம்பர் மாறலியே என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவார். அவர் கண்ணில் படக்கூடாதென்றுதான் இந்தக் கடிதத்தைத் தம்பியின் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. பழைய வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதை அவரோடு பேசிய பிறகு முடிவு செய். நீ எங்கே நின்றாலும் உன் காலடி உறுதியாக நிற்கட்டும், மனசு நிறைந்து வாழ்த்துகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே கண்ணு, கிரகணத்துக்குப் பதிலை எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதே. சொல்லிவிட்டால், சரி என்று போனை வைத்துவிடுவார்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா